பின்னோக்கிப் பதினோரு அடி

சென்ற ஞாயிறு பிற்பகல், உன் அப்பாவுடன் இரண்டு சுற்றுப் பேச்சுவார்த்தை நடத்தி, எதிர்த்தரப்பு வாதங்களையும் பொறுமையாகக் கேட்டு முடித்தபின், சாப்பாட்டு மேசையை யன்னலோரத்துக்கு நகர்த்துவது என்று தீர்மானித்தேன். பதினெட்டு வருடமாக அந்த மேசை சுவரில் சாய்ந்துதான் நின்றது. அதற்கு ஒரு கால் குட்டை, சுவரை விட்டால் விழுந்துவிடும் என்பது அப்பாவின் நிலைப்பாடு. "கடிதம் எழுதத்தானே? குசினிக்குள்ளை இருந்து எழுதனப்பா," என்றார். கடிதம் நீளமானது, கண்ணும் முன்போல இல்லை, வெளிச்சம் வேண்டும் என்றேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, வதிவிட அனுமதிக்காக நாங்கள் என்றோ பிழையாக நிரப்பிக் கைவிட்ட ஒரு பெர்மெஸ்ஸோ விண்ணப்பத்தைத் தேடியெடுத்து, எட்டாக மடித்து, மேசைக்காலின் கீழ் வைத்தார். மேசை நின்றது. இத்தாலிய அரசாங்கத்தின் தாள் ஒன்று எங்கள் வீட்டில் எதையாவது நிலையாக நிற்கவைத்தது இதுவே முதல் தடவை.

வெளிச்சத்தில் இருந்து எழுதுவதால் ஒளிக்காமல் எழுதுகிறேன். அடுத்த மாதம் நீ வடக்கே உன் பல்கலைக்கழகத்தில் ஐந்து பேராசிரியர்களுக்கு முன் நின்று உன் ஆய்வேட்டுக்காக வாதாடப் போகிறாய். மேற்கு நாடுகளில் பௌத்தர்களாக மாறியவர்களைப் பற்றிய ஆய்வு. நாலு வருட உழைப்பு. மூன்றாம் அத்தியாயம்தான் அதன் முதுகெலும்பு என்று நீயே சொன்னாய். அந்த அத்தியாயத்தில் பெயர் தெரியாத ஒரு பெண் வருகிறாள். அவள் நான்தான், தம்பி. தேர்வு மண்டபத்துக்குள் கால் வைப்பதற்கு முன் நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ இடையில் கதைப்பாய். மற்றவர்கள் இதை வாசிப்பதிலும் எனக்கு ஆட்சேபமில்லை. பலெர்மோவில் நம்மவர்கள் எப்படியும் இதை அறியத்தான் போகிறார்கள். ஒவ்வொருவராகச் சொல்லி ஆளுக்கொரு விதமாகக் கேட்பதைவிட, நானே ஒரு முறை சொல்லிவிடுவது சுருக்கம்.

ஊரில் நான் ஒரு கல்லூரி நூலகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் என்பது உனக்குத் தெரியும். கண்டதையும் வாசிக்கும் நோய் அங்கே பிடித்தது, இன்னும் மாறவில்லை. நீ விட்டுப்போன பிரதியை அகராதி வைத்துக்கொண்டு மூன்று வாரம் வாசித்தேன். நல்ல இத்தாலிய மொழி. மேற்கில் பௌத்தம் இரண்டு வீடுகளில் குடியிருக்கிறது என்கிறாய். ஒன்று, அதைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தவர்களின் வீடு. இங்கே சிங்களவர்களின் விகாரை இருக்கிறதே, அதைப்போல. அங்கே பிள்ளைகள் ஓடித்திரிவார்கள், பாற்சோறு வரும், பிக்குவுக்குத் தானம் கொடுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருக்க ஒருவருக்கும் நேரம் இல்லை. மற்றது, புத்தகம் வாசித்தும், நித்திரை வராமலும், விவாகரத்தாகியும் வந்துசேர்ந்த வெள்ளைக்காரர்களின் வீடு. அங்கே பிள்ளை இல்லை, சோறு இல்லை, சத்தம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இருப்பதுதான் எல்லாம். இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் கதவே இல்லை என்று மற்ற அறிஞர்கள் நினைத்துக்கொண்டிருக்க, நீ பலெர்மோவில் ஒரு கதவைக் கண்டுபிடித்துவிட்டாய்.

கதவு போர்கோ வெக்கியோவில் இருக்கிறது. சந்தைக்குப் பின்னால், முன்பு தச்சுப் பட்டறையாக இருந்த ஒரு மண்டபத்தில், ஞாயிறு காலைகளில் பதினாறு இத்தாலியர்கள் நாற்பது நிமிடம் அசையாமல் இருக்கிறார்கள். மணி அடித்ததும் எழுந்து, மற்ற ஊர்களில் செய்வதுபோலத் திரும்பி வாசலுக்குப் போவதில்லை. புத்தர் சிலையைப் பார்த்தபடியே இடுப்பை வளைத்துக் குனிகிறார்கள். வலது உள்ளங்கையால் தரையில் இடமிருந்து வலமாக ஒரு பிறைவட்டம் வரைகிறார்கள். ஒரு அடி பின்னால் வைக்கிறார்கள். மறுபடி பிறைவட்டம். இப்படிப் பதினோரு தடவை. வாசலில் நிமிர்ந்து, வலது கையை முதுகின் அடியில் ஊன்றி, கண்ணை மூடி, நீளமாக மூச்சு விடுகிறார்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத வழிபாடு. இருபது வருடத்துக்கு முன், லிபெர்த்தாப் பக்கம் ஒரு வீட்டில் கூடிய காலத்தில், இலங்கையிலிருந்து வந்த ஒரு பெண் தங்களுக்குக் காட்டித் தந்தாள், முதலில் கையில் வெள்ளைத் துணியோடு செய்தோம், பிறகு துணி விடுபட்டுவிட்டது என்று மூத்தவர்கள் உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நீ சிங்கள விகாரைக்குப் போய் விசாரித்திருக்கிறாய். அங்கிருந்த பிக்கு இப்படியொன்றைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றிருக்கிறார். ஆகவே இது பெரிய விகாரைகளுக்கு எட்டாத ஏதோ ஓர் உட்கிராமத்துப் பெண்களின் தனி மரபாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறாய். நாற்பத்தொரு பக்கம்.

போன தடவை நீ வந்தபோது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், அதை எங்களுக்குச் செய்து காட்டினாய். "அப்பா, கதிரையைக் கொஞ்சம் அரக்குங்கோ," என்று இடம் எடுத்துக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டியைப் புத்தராகப் பாவித்து, குனிந்து தொடங்கினாய்.

மூன்றாவது பிறைவட்டத்தில் அப்பா சொன்னார்: "உதென்ன தம்பி, நிலம் துடைக்கிறமாதிரிக் கிடக்கு."

"அப்பா, பெர் ஃபவோரே. இது ஒரு வழிபாட்டு முறை."

"சரி, வழிபடு. அந்த மேசைக்குக் கீழையும் ஒருக்கால் வழிபட்டுவிடு. பருப்புச் சிந்திக் கிடக்கு."

நீ சிரிக்கவில்லை. வாசலில் நிமிர்ந்து முதுகில் கையை ஊன்றினாய். "இதுதான் கடைசி முத்திரை. இதுக்கு இன்னும் சரியான விளக்கம் கிடைக்கேல்லை. மூச்சை முள்ளந்தண்டிலை நிப்பாட்டுற ஒரு முறையாயிருக்கலாம்."

"நாரிப்பிடிப்பு," என்றார் அப்பா. "எனக்கும் கிடக்கு. பிளாஸ்டர் ஒண்டு ஒட்டினால் நிண்டிடும்."

நீ என் பக்கம் திரும்பினாய். "அம்மா, நீங்களாவது சொல்லுங்கோ. அந்த நேரம் லிபெர்த்தாப் பக்கம் வேலை செய்த சிங்களப் பொம்பிளையள் ஆரையும் உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியாது ராசா. சோறு ஆறுது."

அந்த நாலு சொல்லில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அவற்றைத்தான் இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி எடுக்கிறேன். ஆனால் அந்த நேரம் நான் இருந்த நிலையையும் நீ அறிய வேண்டும். ஒருவர் தன் முதுகைத் தான் பார்ப்பதில்லை. நான் அன்றைக்குப் பார்த்தேன். என் குனிவு, என் கை வீச்சு, இடது காலைச் சற்று இழுத்து வைக்கும் என் பழக்கம்கூட, பதினாறு பேர் வழியாக வந்து, என் மகனின் உடம்பில் ஏறி, என் குசினி வாசலில் நிமிர்ந்து மூச்சு விட்டது. கையிலிருந்த அகப்பையை எங்கே வைத்தேன் என்று மாலைவரை எனக்குத் தெரியவில்லை.

உனக்கு அப்போது ஆறு வயது. அப்பா வேலை செய்த சாப்பாட்டுக் கடை மூடிவிட்டது. வியா மக்வேதாவில் இப்போதைய வேலை இன்னும் கிடைக்கவில்லை. என் பெர்மெஸ்ஸோ முடிய ஆறு வாரம் இருந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம் வேண்டும். நாங்கள் சைவர்கள். சைவர்கள் ஆதலால், பலெர்மோ வழக்கப்படி, வெறுங்காலோடு மலையேறிப் போய் ரொசாலியா மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். அந்தக் கிழமைக்குள்ளேயே லிபெர்த்தாவிலிருந்து ஒரு சின்யோரா கூப்பிட்டார். ஒரு சைவப் பெண் கிறித்தவப் புனிதையிடம் நேர்ந்து பௌத்த வீட்டில் வேலை பெற்றாள். இதற்கு யாருக்குக் கடன்பட்டேன் என்பதை நீ படித்த அறிஞர்களில் ஒருவராவது தீர்த்துவைத்திருந்தால் எனக்கு அறியத்தா.

சின்யோரா ஓய்வுபெற்ற இசை ஆசிரியை. நெடிய, ஒல்லியான மனுசி. கதவைத் திறந்ததும், "ஸ்ரீலங்காவா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்படியென்றால் பௌத்தம்!" என்றார். அது கேள்வி அல்ல, அறிவிப்பு. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். புத்தகங்களிலேயே இருபது வருடம் தேடிய ஒன்று கையில் பையோடு வாசலில் வந்து நிற்பதைக் கண்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அவருக்குப் பின்னால் மேசையில் ஒப்பந்தத் தாள் கிடந்தது, கையெழுத்து இன்னும் விழவில்லை. நான் தலையாட்டினேன். உனக்கு வாழ்க்கையில் பொய் சொல்லாதே என்று எத்தனையோ தடவை சொன்னேனே, அதெல்லாம் அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு சொன்னவை.

உள்ளே அழைத்துப் போய்க் கூடத்தைக் காட்டினார். மரத்தரை, தளபாடம் எதுவும் இல்லை, சுவரோரம் மெத்தைத் தலையணைகள். கோடியில் ஒரு பீடத்தில் புத்தர். நீ இங்கே வளர்ந்தவன். உனக்கு அது அழகான ஒரு முகம். எங்கள் பக்கம் அந்த முகம் தனியாக வருவதில்லை. முதலில் முட்கம்பி வரும். பிறகு காவலரண் வரும். பிறகு ஓர் அரசமரக் கன்று வரும், அதன் கீழ் அந்த முகம் வரும். அதைக் கடக்கும்போது சைக்கிளால் இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். உன் மாமா, என் தம்பி, அப்படி இறங்கி உருட்டிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கத்தில் வந்ததைக் கண்டவர்கள் இல்லை. நாலாம் மாடியில், நல்ல வெயில் விழும் அந்தக் கூடத்தில், கீழே பேருந்துகள் ஹார்ன் அடிக்க, என் கால்கள் தாமாகவே சைக்கிளால் இறங்கிவிட்டன.

மரத்தரை ஆனபடியால் தடியில் கட்டிய மொப்பால் தண்ணீர் ஊற்றித் துடைக்கக் கூடாது, முதலில் ஈரத்துணி, பிறகு உலர்ந்த வெள்ளைத்துணி, இரண்டும் கையால் என்று சின்யோரா சொன்னார். இத்தாலியர்கள் நிமிர்ந்து நின்று நிலம் துடைப்பவர்கள். நான் ஊரில் செய்ததுபோல இடுப்பை வளைத்துக் குனிந்தேன். உள்ளிருந்து தொடங்கி வாசலை நோக்கிப் பின்னால் பின்னால் வந்தேன், துடைத்ததை மிதிக்கக்கூடாது என்பதற்காக. கூடம் என் காலடிக்குப் பதினோரு அடி. வாசலில் நிமிரும்போது நாரி பிடிக்கும்; கையை ஊன்றிக்கொண்டு மூச்சு விடுவேன். இவ்வளவுதான் அந்த மரபு. இதில் ஒன்றை மட்டும் நீ சரியாகக் கவனித்திருக்கிறாய். துடைக்கிறவள் நிலத்தைத்தான் பார்ப்பாள். இவர்கள் ஏன் தலையைத் தூக்கிச் சிலையின் முகத்தையே பார்க்கிறார்கள் என்று கேட்டு, ஆழ்ந்த பக்தி என்று எழுதியிருக்கிறாய். நான் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதது பயத்தால். அதற்கு முதுகைக் காட்ட எனக்குத் துணிவு இல்லை.

தியானத்துக்கு வருகிறவர்கள் கொஞ்சம் முந்தியே வந்துவிடுவார்கள். வாளியும் ஈரத்துணியும் அப்போது உள்ளே போயிருக்கும். வெள்ளைத் துணியோடு கடைசிச் சுற்றில் நான் வந்துகொண்டிருப்பேன். அவர்கள் சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வெளியே வரிசையாக நின்று பார்ப்பார்கள். பலெர்மோக்காரர் பதினைந்து பேர் ஓரிடத்தில் நின்று கதைக்காமல் இருப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறவிப் பௌத்தம் என்று சின்யோரா சொல்லிவைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்; நான் செய்வதை அவர்கள் என்னவென்று எடுத்துக்கொண்டார்கள் என்பது தெரியாது. ஒரு கிழமை காய்ச்சலில் போகவில்லை. அடுத்த கிழமை, "நீங்கள் வராததால் நாங்களே செய்தோம், உங்களைப் போல வரவில்லை," என்று ஒருவர் வெட்கத்தோடு சொன்னார். பாவம், படித்த மனிதர்கள் எனக்காக நிலம் துடைத்திருக்கிறார்களே என்று நெகிழ்ந்து நன்றி சொன்னேன். அவர் என்னை வணங்கினார். நானும் வணங்கினேன். மூன்று வருடத்தில் சின்யோராவைத் தவிர ஒருவரும் என் பெயரைக் கேட்கவில்லை; மரியாதையால்தான் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் நகைப்புக்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அவர்கள் தியானத்தில் இருப்பதைக் கதவிடுக்கால் பார்த்திருக்கிறேன். வங்கியில் வேலை செய்கிறவர், பல் வைத்தியர், யாரோ ஒருவருடைய மனைவி. இந்த ஊரில் பேருந்து இரண்டு நிமிடம் பிந்தினால் சாரதியின் ஏழு தலைமுறையையும் இழுக்கிறவர்கள். அவர்களுக்கு இதைச் செய்யச் சொல்லி ஊர் சொல்லவில்லை, தாய்தகப்பன் சொல்லவில்லை, அரசாங்கம் சொல்லவில்லை, துவக்கோடு ஒருவரும் பின்னால் நிற்கவில்லை. அப்படியொரு பௌத்தத்தை நான் அதற்கு முன் கண்டதேயில்லை. முழங்கால் நடுங்க நடுங்க இருந்தார்கள். மூன்றாம் வருடம் ஒரு காலை, துடைத்து முடித்து வாசலில் நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன்: அன்றைக்கு நான் அந்த முகத்தைப் பார்க்கவே மறந்துவிட்டேன். வெறும் நிலத்தைப் பார்த்துத் துடைத்திருக்கிறேன். கையை முதுகில் வைத்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. சின்யோரா வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அடுத்த மாரியில் அவர் சுகமில்லாமல் தன் தங்கையிடம் போய்விட்டார். வீடு பூட்டப்பட்டது. நான் வேறு வீடு தேடிக்கொண்டேன். அவர்கள் எங்கே போனார்கள் என்று நானும் தேடவில்லை.

இன்னொரு பிழையும் என் பக்கம் இருக்கிறது. உனக்குப் பத்து வயதிருக்கும், நான் களைத்து வந்த ஒரு நாள், துணியை எடுத்து நீயே குசினியைத் துடைக்கத் தொடங்கினாய். நான் பறித்தேன். "படிக்கிற பிள்ளை உதைத் தொடப்படாது. போய்க் கொப்பியை எடு," என்றேன். அதன் பிறகு இந்த வீட்டில் நீ துடைப்பத்தையோ துணியையோ தொட்டதில்லை, நான் விட்டதில்லை. அதைப் பெருமையாகவும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். பலன் என்னவென்றால், உன் தாய் நிலம் துடைப்பதைப் பதினாறு பேர் உனக்கு முன்னால் வாரம் வாரம் செய்து காட்ட, நீ படம் பிடித்து, அடியை எண்ணி, கோணத்தை அளந்து, நாற்பத்தொரு பக்கம் எழுதியும் அது நிலம் துடைப்பது என்று உனக்குத் தெரியவில்லை. அப்பா மூன்றாவது வீச்சில் சொன்னார். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை. கடை பூட்டுமுன் குசினி கழுவுகிறவர். உன்னுடைய இந்தக் குறைக்கு நான் முழுப் பொறுப்பு.

சென்ற ஞாயிறு காலை போர்கோ வெக்கியோவுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கடைசிக் கதிரையில் இருந்தேன். வெளியே ஒருவன் ஆர்ட்டிசோக் பூவைக் கூவி விற்றுக்கொண்டிருந்தான், மோட்டார் சைக்கிள்கள் போய் வந்தன. உள்ளே நாற்பது நிமிடம் மூச்சுச் சத்தம். மணி அடித்தது. பதினாறு பேரும் எழுந்து குனிந்தார்கள். தம்பி, எப்படிச் சொல்வேன்? கோயிலில் தேர் வெளிக்கிடும்போது வருமே ஒரு நடுக்கம், அது வந்தது. பதினாறு வலது கைகள் ஒன்றாக வீசின. பதினாறு இடது கால்கள் ஒரு பொடி இழுபட்டுப் பின்னால் போயின. நான் சம்பளத்துக்காகச் செய்ததை இவர்கள் சும்மா செய்கிறார்கள், என்னைவிடக் கவனமாகச் செய்கிறார்கள். நான் விட்டுப்போன மூலைகளையும் விடவில்லை.

எனக்குப் பக்கத்தில் வந்து நிமிர்ந்தவர் அந்தச் சந்தையிலேயே மீன் விற்கும் நினோ. பெரிய உடம்பு, முழங்கையில் மீன் செதிள் ஒட்டியபடி. நீ அவரைப் பேட்டி எடுக்கவில்லை போலிருக்கிறது. உன் பட்டியலில் இல்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிசிலிய மொழியில் சொன்னதை என் வாயால் தருகிறேன்: "நான் காலமை முழுக்க மீன் வெட்டுறவன், சின்யோரா. கடை பூட்டேக்கை நிலம் கழுவாமல் போனால் விடிய நாறும். என்ரை மனிசி செத்தாப் பிறகு இஞ்சை வந்தனான். கண்ணை மூடி இருக்கிறது எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, இப்பவும் விளங்கேல்லை. உது மட்டும் முதல் நாளே விளங்கிச்சு. இருந்த இடத்தைத் துடைச்சுப்போட்டுப் போறது. பின்னாலை பின்னாலை போகவேணும், இல்லாட்டில் துடைச்சதை மிதிச்சிடுவியள்." பிறகு, "என்ன, நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?" என்று கேட்டார். ஏனென்றால் நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கூட்டத்தை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ஒரு நொத்தாரிசு. காணி உறுதி முடித்தே வயது போனவர். சின்யோராவின் காலத்து ஆட்களில் மிஞ்சிய சிலரில் ஒருவர். அவரிடம் போய், அந்தப் பெண் நான்தான் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "அப்ப உங்கடை தலைமயிர் கறுப்பு."

"அப்ப உங்களுக்குத் தலைமயிர் இருந்தது."

அதில் அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. நான் பௌத்தம் இல்லை, சைவம், செய்தது நிலம் துடைத்தது என்றேன். அவர் கண்ணாடியை மறுபடி கழற்றினார். பிறகு மிகவும் தயங்கி, "கடைசியிலை கையை முதுகிலை வைக்கிறது?" என்று கேட்டார்.

"நாரி நோவு."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு மணியை அடித்து, வெளியே சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தவர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டார். இரண்டு மணித்தியாலம் விவாதித்தார்கள். கண் மூடி இருப்பதைவிட இதில் அவர்களுக்கு இயற்கையான பயிற்சி அதிகம். பல் வைத்தியரம்மா தாங்கள் ஏமாற்றப்பட்டுவிட்டதாகச் சொன்னார். யார் ஏமாற்றியது என்று இன்னொருவர் கேட்டார். நான் கையை உயர்த்தினேன், ஒருவரும் கவனிக்கவில்லை. வேலைக்காரர்களின் உழைப்பைத் திருடி வழிபாடாக்கியது பாவமில்லையா என்று ஓர் இளைஞன் கேட்டான். நினோ, "அப்ப நிலத்தை ஆர் துடைக்கிறது?" என்று கேட்டார். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். அது உண்மையிலேயே அழுக்காக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கியதால் தத்துவம் சுருங்கி வாக்கெடுப்பு வந்தது. தொடர்ந்து செய்வதற்கு ஒன்பது பேர், நிறுத்துவதற்கு ஐந்து பேர், இரண்டு பேர் முடிவு எடுக்காமல் இருப்பதே சரியென்று நினைத்தார்கள். முதுகில் கை வைப்பது அவரவர் நாரியைப் பொறுத்தது என்று விடப்பட்டது. துணியும் வாளியும் மீண்டும் கொண்டுவருவது என்பது ஏகமனதாக நிறைவேறியது.

உன் அத்தியாயம் இடிந்துவிட்டது என்று நீ நினைப்பாய். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது என்று எழுதினாய், இருந்தது. அதன் வழியாக உள்ளே போனது உட்கிராமத்து மரபு அல்ல, ஒரு வாளி. அதை எழுது. பக்தி என்று எழுதிய இடத்தில் பயம் என்று எழுது. அந்தப் பயம் மூன்றாம் வருடம் எங்கே போனது என்று யாராவது கேட்டால், அவளுக்கே தெரியாது என்று எழுது. பெயர் தெரியாதவள் என்பதை, பெயர் கேட்கப்படாதவள் என்று மாற்று. மற்றவர்கள் வணங்குவதைப் பார்த்து எழுதுமுன் ஒரு தடவை நீயே குனிந்து, கையில் துணியோடு, வாசல்வரை வந்து பார். வாசலில் உன் உடம்பே உனக்கு மிச்சத்தைச் சொல்லித்தரும். தேர்வைக் கொஞ்சம் தள்ளிவைக்கக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. என் பெயரைச் சொல்லவும், நான் என்ன வேலை செய்தேன் என்று ஐந்து பேராசிரியர்கள் முன் சொல்லவும் நீ வெட்கப்பட மாட்டாய் என்று நம்புகிறேன். வெட்கப்பட்டாலும் அது நான் பழக்கியதுதான்.

அன்றைக்கு எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, நொத்தாரிசு என்னை மறித்து வைத்து, நான் சொன்னதையெல்லாம் இரண்டு பிரதியாகத் தட்டச்சு செய்து, என் அடையாள அட்டையின் நகலை இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்தை வாங்கினார். பொய் பேசாமை தாங்கள் ஏற்றுக்கொண்ட ஐந்து விதிகளில் ஒன்று என்றார். நீ அவர்களிடம் நிரப்பி வாங்கிய சம்மதப் படிவத்தின் அடியில், முறைப்பாடு இருந்தால் எழுதுவதற்கு என்று உன் பேராசிரியரின் விலாசம் இருந்தது. ஒரு பிரதி திங்கட்கிழமை காலை பதிவுத் தபாலில் அவருக்குப் போய்விட்டது.